கட்டுமாவடிக்காரி பாட்டு

கல்யாண வீட்டில் ஒலிபெருக்கியைக் கட்டிவிட்டால் போதும். பிள்ளையார் பாட்டு முடிந்த கையோடு அந்தப் பாட்டு வந்துவிடும். ‘கருவாட்டு வண்டி கட்டிக் கட்டுமாவடி போன மச்சான்...’ தாலி கட்டுகிற வீட்டில் செத்தவனுக்கு அழுத பாட்டைப் போடுகிறார்களே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சொன்னால் யார் கேட்கிறார்கள்? “மெட்டு நல்லாருக்குல்ல டீச்சர்” என்கிறார்கள். மெட்டு நன்றாகத்தான் இருக்கிறது. நான் ஒன்றும் குறை சொல்லவில்லை.

ஒருமுறை வானொலியில் இந்தப் பாட்டைப் போடுவதற்கு முன்னால், கட்டுமாவடிக் கரையில் வாழ்ந்து மறைந்த ஒரு பெண் தன் காதலனை நினைத்துப் பாடியது என்று ஒருவர் உருக்கமாகச் சொன்னார். நான் எழுந்துபோய்ப் பெட்டியை அணைத்துவிட்டேன். அந்தப் பாட்டைக் கட்டியவள் கட்டுமாவடியை ஒரு நாளும் கண்ணால் பார்த்ததில்லை. அவள் என் அண்ணன் பெண்டாட்டி செவந்தி. இதை நான் இத்தனை காலம் எழுதாமல் இருந்தது அவள் மகள் பிரகதாம்பாளுக்காக. அவளே இப்போது பேரன் பேத்தி எடுத்துவிட்டாள். செவந்தியும் போய்ச் சேர்ந்தாள், அண்ணனும் போய்ச் சேர்ந்தார். இனி மூடிவைக்க ஒன்றும் இல்லை.

செவந்தி பிறந்தது வெள்ளாற்றுக்குத் தென்கரையில் ஒத்தைப்பனைக்குடி. சமஸ்தானம் போய்ச் சர்க்கார் வந்த நாற்பத்தெட்டாம் வருடம் அவள் கல்யாணத்துக்கு நின்ற பெண். அதே ஊரில் மலையாண்டி என்று ஒருவன். சொந்தமாக வண்டியும் மாடும் வைத்துக்கொண்டு, கட்டுமாவடியில் கருவாடு ஏற்றி அரிமளம் சந்தைக்கும் திருமயம் சந்தைக்கும் கொண்டுபோய்ப் போடுவான். இரண்டு பேருக்கும் பிடித்துப்போயிற்று. பிடித்ததில் தப்பில்லை, பிடித்த ஆள்தான் தப்பு. இரண்டு குடும்பமும் பங்காளிகள். ஒரே குலசாமி. மலையாண்டி அவளுக்கு அண்ணன் முறை. அவன் தாய் மூக்காயி அவளுக்குப் பெரியாத்தா. எங்கள் பக்கத்தில் வேறு எதையாவது மன்னித்தாலும் மன்னிப்பார்கள், இதை மன்னிக்க மாட்டார்கள். அப்படி ஒன்று நடக்கும் என்று நினைத்துப் பார்க்கவே யாருக்கும் வராது. அதனால்தான் அந்த இரண்டு பேரும் களத்திலும் கண்மாய்க் கரையிலும் பேசிக்கொண்டு நின்றபோது யாரும் சந்தேகப்படவில்லை. அண்ணனும் தங்கச்சியும் பேசுகிறார்கள் என்று விட்டுவிட்டார்கள்.

கட்டுமாவடியில் ஒரு தோணிக்காரரைப் பிடித்து இலங்கைக்குப் போய்விடுவது என்று முடிவு செய்திருந்தார்கள். அங்கே போய்விட்டால் யார் மகள், என்ன முறை என்று கேட்க ஆளில்லை. ஐப்பசியில் ஒரு நாளைச் செவந்திதான் குறித்தாள். அதற்கு முந்தின நாள் மலையாண்டி எல்லாம் பேசி முடித்துவிட்டுக் கட்டுமாவடியிலிருந்து திரும்பினான். மேற்கே நல்ல மழை. வெள்ளாறு இரண்டு கரையும் தொட்டுப் போய்க்கொண்டிருந்தது. இக்கரையில் நின்றவர்கள் “எறங்காதே, எறங்காதே” என்று கத்தியிருக்கிறார்கள். ஒரு ராத்திரி அக்கரையில் தங்கியிருந்தால் ஒன்றும் கெட்டுப்போயிருக்காது. ஆனால் அவனுக்கு மறுநாள் என்று ஒன்று இருந்ததே. வண்டியை ஆற்றில் இறக்கிவிட்டான். மாடுகள் எப்படியோ கரையேறின. அவனை நாணல் புதரிலிருந்துதான் எடுத்து வந்தார்கள்.

எழவு வீட்டில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து ஒருத்தி தோளில் ஒருத்தி கைபோட்டு அழுவார்கள். அந்த அழுகைக்கு ஒரு ஒழுங்கு உண்டு. செத்தவர் நமக்கு என்ன முறையோ அதைச் சொல்லித்தான் அழ வேண்டும். தாய் ‘மகனே’ என்பாள், கட்டியவள் ‘ராசாவே’ என்பாள், கூடப் பிறந்தவள் ‘பொறப்பே’ என்பாள். முறை இல்லாத அழுகை எங்கள் ஊரில் கிடையாது. செவந்தியையும் இழுத்து வட்டத்தில் உட்கார வைத்தார்கள். “அண்ணனுக்கு அழுடி” என்றார்கள். அந்த ஒரு சொல்லைத்தான் அவளால் சொல்ல முடியவில்லை. முந்தானையை வாய்க்குள் திணித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். அண்ணன் செத்துக் கிடக்கிறான், ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை, கல்லுமனசுக்காரி என்று பேச்சு வந்தது. அந்தப் பேச்சு அவள் கல்யாணம் வரைக்கும் நின்றது.

கருமாதி முடிந்ததும் நடவு வந்துவிட்டது. மகன் செத்தாலும் வயிறு சும்மா இருக்குமா? மூக்காயியும் நாற்றுக் கட்டோடு வயலில் இறங்கினாள். வரிசையில் அவளுக்கு அடுத்த ஆள் செவந்தி. நடவில் யாராவது பாட வேண்டும், மற்றவர்கள் வாங்கிப் பாட வேண்டும். அன்றைக்குச் செவந்தி குனிந்த தலை நிமிராமல் எடுத்தாள்.

கருவாட்டு வண்டி கட்டிக்
கட்டுமாவடி போனவரே – அந்த
வெள்ளாத்துத் தண்ணி கண்டு
வெலகி நிக்கத் தெரியலையா?

மொறசொல்லி ஊரழுக
மூலையில நான்கெடந்தேன்
என்னசொல்லி நானழுக
எடுத்துச்சொல்ல ஆருமில்லே...

வரிசை அப்படியே நின்றுபோயிற்று. மூக்காயி நாற்றுப் பிடித்த கையோடு நிமிர்ந்தாள்.

“ஏ செவந்தி, இது ஆரு பாடுனதுடி? எம்மகனுக்குல்ல பாடியிருக்கா!”

செவந்திக்கு அப்போதுதான் எங்கே நிற்கிறோம் என்பது உறைத்தது. வாய்க்கு வந்ததைச் சொன்னாள். “கட்டுமாவடிக்காரி ஒருத்தி சந்தைக்குக் கருவாடு விக்க வந்தா பெரியாத்தா. அவ பாடுனா.”

ஊர் அதை அப்படியே நம்பியது. மலையாண்டி கட்டுமாவடிக்கு ஓயாமல் போய்வந்ததற்கு இப்போது ஒரு காரணமும் கிடைத்துவிட்டது. அங்கே ஒருத்தி இருந்திருக்கிறாள், சாதி வேறு என்பதால் முறை சொல்லி அழ முடியவில்லை, பாவம் என்று எல்லோரும் உச்சுக்கொட்டினார்கள். பக்கத்தில் நிற்கிறவளை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பங்காளி வீட்டுப் பெண்ணைப் பார்க்க அவர்களுக்குக் கண் இல்லை.

பாட்டு அன்றைக்கே பக்கத்து வயலுக்குப் போயிற்று. கூலிக்குப் போகிற பெண்களோடு ஊர் ஊராகப் போயிற்று. அது ஏன் அப்படிப் பரவியது என்று நான் நிறைய யோசித்திருக்கிறேன். மாமா, மச்சான், அத்தான் என்று எந்த முறையும் சொல்லாத காதல் பாட்டு எங்கள் பக்கத்தில் அது ஒன்றுதான். பாடுகிறவள் தனக்கு வேண்டியவனை அதில் வைத்துப் பாடிக்கொள்ளலாம். அப்படித்தான் ‘போனவரே’ என்பது ஓர் ஊரில் ‘போன மாமா’ ஆயிற்று, இன்னோர் ஊரில் ‘போன மச்சான்’ ஆயிற்று. அறந்தாங்கிச் சந்தையில் அதைப் பாட்டுப் புத்தகமாகப் போட்டு விற்றார்கள். திருவிழா நாடகத்தில் ராஜபார்ட் நடிகர் சம்பந்தமே இல்லாத இடத்தில் அதைப் பாடிக் கைதட்டு வாங்கினார். அதற்கும் என் கோபத்தைக் காட்டியிருக்கிறேன், மேடைக்குக் கீழே நின்றுதான்.

ஐம்பதாம் வருடம் செவந்தி எங்கள் ஊரான மேலக்கொல்லைக்கு என் அண்ணன் சிவசாமிக்கு மனைவியாக வந்தாள். பாட்டு அவளுக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தது. நான் டீச்சராவதற்கு முந்திய காலம் அது. முதல் நடவில் நான்தான் அதை எடுத்துப் பாடினேன். எனக்குக் குரல் உண்டு, அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. புது அண்ணி பக்கத்தில் முனகிக்கொண்டே நட்டாள். ‘மாமா’ வருகிற இடத்தில் மட்டும் விழுங்கினாள். “அண்ணி, அங்க மாமான்னு வரணும். இது எங்க ஊருப் பாட்டு, ஒங்களுக்கு எங்கிட்டுத் தெரியப்போகுது” என்று திருத்தினேன். “சரி அழகு” என்று சொல்லிவிட்டு நான் சொன்ன மாதிரியே பாடினாள். என் அண்ணனுக்கும் அந்தப் பாட்டு உயிர். கமலை ஓட்டித் தண்ணீர் இறைக்கும்போது கட்டைக்குரலில் அதைத்தான் பாடுவார். அண்ணி கஞ்சிக் கலயத்தோடு கிணற்று மேட்டில் நின்று கேட்பாள். நல்ல மனுஷன் என் அண்ணன். அவரோடு அவள் நன்றாகத்தான் வாழ்ந்தாள், அதையும் சொல்லிவிட வேண்டும்.

மூக்காயிதான் விடவில்லை. ஒரே மகன், கல்யாணம் காணாமல் போய்விட்டான். மருமகள் என்று ஒருத்தி எங்கேயோ இருக்கிறாள், மகனுக்காக அப்படி அழுதிருக்கிறாள் என்ற நினைப்பு அவளைப் பிடித்துக்கொண்டது. வருடா வருடம் ஐப்பசியில் கட்டுமாவடிக்குக் கிளம்பிவிடுவாள். முதலில் நடந்து, பிறகு வண்டியில், பிறகு பஸ் வந்ததும் பஸ்ஸில். வலை காய்கிற இடத்திலும் மீன் ஏலம் போடுகிற இடத்திலும் நின்று விசாரிப்பாள். அங்கிருந்த பெண்கள் அவளுக்குச் சோறு போட்டு அனுப்புவார்கள். இவள் கேட்டுக் கேட்டே அங்கேயும் கதை கிளம்பிவிட்டது. அந்தப் பெண் கடலில் விழுந்து செத்துவிட்டாள் என்று சிலர் அடித்துச் சொன்னார்கள். இன்ன வீடு என்று காட்டவும் ஆரம்பித்தார்கள். மூக்காயி நம்பவில்லை.

“ஒரு தடவ பாத்தாப் போதும். மருமகளேன்னு ஒரு தடவ கூப்புட்டுட்டு வந்துருவேன். வேற ஒண்ணுங் கேக்க மாட்டேன்” என்பாள்.

அதை அவள் சொல்வது செவந்தியிடம். ஏனென்றால் அந்தக் கட்டுமாவடிக்காரியைப் பார்த்ததாகச் சொன்னவள் செவந்தி ஒருத்திதான். பொங்கலுக்குப் பிறந்த வீட்டுக்கு வரும்போதெல்லாம் மூக்காயி அவளைப் பிடித்துக்கொள்வாள். “கறுப்பாடி, செவப்பா? ஒசரமா, குட்டையா? அடையாளம் எதாச்சும் சொல்லு.” செவந்தி தன்னைப் போல இல்லாத ஒருத்தியை ஆக்கிச் சொல்ல வேண்டியிருந்தது. நல்ல சிவப்பு, நெற்றியில் பச்சை குத்தியிருந்தது என்று சொல்லிவைத்தாள். அடுத்த ஐப்பசியில் அந்தத் தாய் கடற்கரையில் போவோர் வருவோர் நெற்றியை எல்லாம் பார்த்துக்கொண்டு திரிந்தாள். அதற்கடுத்த பொங்கலுக்குப் போய்வந்த பிறகுதான் செவந்தி என்னிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

“சொல்லிரலாம்னு வாய் வரைக்கும் வருது அழகு. அந்த மொகத்தப் பாக்க முடியல.”

“வாய மூடிட்டு இருங்க அண்ணி. ஒங்கள வெட்டிப் போட்டுருவாக. புள்ளைக்கு நாளைக்கு எவன் வந்து பொண்ணு கேப்பான்?” என்றேன். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

அறுபத்தாறில் பிரகதாம்பாளுக்கு மாப்பிள்ளை பேசிக்கொண்டிருந்த நேரம், மூக்காயிக்கு முடியவில்லை என்று ஆள் வந்தது. அண்ணன், செவந்தி, பிரகதாம்பாள், நான் எல்லோருமாகப் போனோம். மூக்காயி பேச்சு மூச்சில்லாமல் கிடந்தாள். ஆனால் உயிர் போகவில்லை. தீராத ஆசை இருந்தால் உயிர் பிரியாது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. மண் ஆசையாக இருக்கும் என்று சொந்த வயலில் மண் எடுத்துக் கரைத்து வாயில் விட்டார்கள். பொன் ஆசை என்று தங்கத்தை உரசி விட்டார்கள். ஒன்றும் நடக்கவில்லை. கண்ணைத் திறக்கும்போதெல்லாம் அவள் வாசலைத்தான் பார்த்தாள். அவள் கேட்பது என்ன என்பது ஊருக்கே தெரியும்.

அவள் கொழுந்தன் மகன் ராக்கன் விவரமானவன். அரிமளம் சந்தையில் கருவாடு விற்கிற ஒரு பெண்ணைப் பேசிக் கூட்டி வந்துவிட்டான். “கட்டுமாவடியிலேர்ந்து ஆளு வந்துருக்கு பெரியாத்தா, நீங்க தேடுன ஆளு” என்றான். மூக்காயிக்கு எங்கிருந்துதான் தெம்பு வந்ததோ, தலையைத் திருப்பினாள். அந்தப் பெண்ணும் நல்ல எண்ணத்தோடுதான் வந்திருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து, எல்லோருக்கும் தெரிந்த மாதிரி, ‘கட்டுமாவடி போன மச்சான்’ என்று பாடியது.

மூக்காயி முகத்தைச் சுவரோடு திருப்பிக்கொண்டாள். “இவ இல்ல” என்றாள். “அவ மச்சான்னு சொல்லலியே. சொல்ல ஒரு மொற இல்லன்னுதான அழுதா.”

அந்தக் கருவாட்டுக்காரிக்கு முகம் செத்துவிட்டது. நான் செவந்தியைப் பார்த்தேன். பார்த்ததுமே தெரிந்துவிட்டது. வேண்டாம் என்று கையைப் பிடித்தேன். அவள் என் கையை எடுத்து என் மடியிலேயே வைத்துவிட்டு எழுந்தாள். திறந்த கதவுக்கு வெளியே வேப்பமரத்தடியில் ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அண்ணன் அங்கேதான் இருந்தார். பிரகதாம்பாள் எனக்குப் பின்னால் நின்றாள். செவந்திக்கு அது எல்லாம் தெரியாமல் இல்லை. பால் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய் மூக்காயியின் தலைமாட்டில் உட்கார்ந்தாள். சாகக் கிடக்கிறவருக்கு முதல் பால் ஊற்றுவது மகனும் மருமகளும். அந்த வீட்டில் அந்த இடம் காலியாகவே கிடந்தது.

“அத்த” என்றாள்.

அந்த வீட்டில் இருந்த அத்தனை பெண்களும் நிமிர்ந்தார்கள். பெரியாத்தா என்று கூப்பிட வேண்டியவள் அத்தை என்கிறாள். மாமியாரை அழைக்கிற சொல் அது. மூக்காயி மெல்லத் திரும்பினாள். செவந்தியின் முகத்தையே பார்த்துக்கொண்டு கிடந்தாள். யாரோ ஒருத்தி என்று தேடிக் கண்ணை எங்கெங்கோ அனுப்பியவளுக்கு, கைக்கெட்டுகிற தூரத்தில் இருந்த முகம் பிடிபடக் கொஞ்சம் நேரம் ஆயிற்று.

“நீயாடி?”

“நாந்தான் அத்த. அவரு போன அன்னைக்கு என்ன சொல்லி அழுகுறதுன்னு தெரியாம உக்காந்திருந்தவ நாந்தான்.”

“இம்புட்டு நாளா எங்கடி இருந்த?”

“இங்கிட்டுத்தான் அத்த இருந்தேன்.”

மூக்காயி கையைத் தூக்கினாள். ஆசீர்வாதம் செய்யப்போகிறாள் என்று நினைத்தேன். பலமில்லாத அந்தக் கையால் செவந்தியின் கன்னத்தில் ஓர் அடி வைத்தாள்.

“எத்தன பஸ்ஸுடி ஏறி எறங்குனேன், பாவி” என்றாள்.

வைத்த கையை எடுக்கவில்லை. அந்தக் கன்னத்திலேயே இருந்தது. “மருமகளே” என்று கூப்பிட்டாள். ஒரு தடவை போதும் என்று சொன்னவள் திரும்பத் திரும்பக் கூப்பிட்டாள். செவந்தி ஒவ்வொன்றுக்கும் “என்ன அத்த” என்றாள். பிறகு மூக்காயி வாயைத் திறந்தாள். செவந்தி பாலை ஊற்றினாள். இறங்கியது. பொழுது சாய்வதற்குள் உயிரும் போய்விட்டது.

பெண்கள் வட்டம் போட்டார்கள். யார் தோளில் யார் கை போடுவது என்று எல்லோரும் தயங்கினார்கள். செவந்தி யாருக்கும் காத்திருக்கவில்லை. மருமகள் இடத்தில் உட்கார்ந்து, ‘என்னப் பாக்காமத் தேடுனீக அத்த, பாத்ததுமே போறீக அத்த’ என்று எடுத்தாள். பதினெட்டு வருடம் முன்னால் முந்தானைக்குள் போன அழுகை அத்தனையும் அன்றைக்கு வெளியே வந்தது. தாய்க்கு அழுதாளா மகனுக்கு அழுதாளா என்று பிரித்துச் சொல்ல முடியாது. மாமியாருக்கு அழுகிற மருமகள் புருஷனையும் சேர்த்துத்தானே அழுவாள். முதலில் நான் போய் அவள் தோளில் கை போட்டேன். பிறகு அந்தக் கருவாட்டுக்காரி வந்தது. அதற்கப்புறம் மற்றவர்களும் வந்தார்கள்.

வெளியே ராக்கன் “கூட்டம் போட்டுக் கேக்கணும்” என்று குதித்தான். பெரியவர் ஒருவர் “எழவு வீட்டுல வச்சு என்னடா பேச்சு” என்று அதட்டி உட்கார வைத்தார். அந்தக் கூட்டம் பிறகும் போடப்படவில்லை. பங்காளி வீட்டில் இப்படி நடந்தது என்று நாலு பேர் நடுவே சொல்ல அவர்களுக்கே வாய் வரவில்லை. கட்டுமாவடிக்காரி பாட்டு கட்டுமாவடிக்காரி பாட்டாகவே இருக்கட்டும் என்று ஊர் விட்டுவிட்டது.

எனக்கு இருந்த பயம் அதுவல்ல. என் அண்ணன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு அந்த வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். தாம் கமலையில் வாய் வலிக்கப் பாடியது யாருடைய பாட்டு, யாருக்கான பாட்டு என்று அவருக்கு ஒரே நாளில் தெரிந்துவிட்டது. மூக்காயியை எடுத்துக்கொண்டு போய் எரித்துவிட்டு வந்தார்கள். குளித்துவிட்டு ஈரத் துண்டோடு வந்தவர், மகளைப் பார்த்து “பொறப்படு” என்றார். செவந்தி உள்ளே வாசல் ஓரமாக வந்து நின்றாள். அவர் அவளை ஏறிட்டுப் பார்க்கவில்லை. போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

கொஞ்சதூரம் நடந்துவிட்டு நின்றார். திரும்பாமல் என்னிடம்தான் பேசினார்.

“அழகு, ஒங்கண்ணிய இருந்து எல்லாஞ் செஞ்சு முடிச்சுட்டு வரச் சொல்லு. மருமக இல்லாமக் கருமாதி எப்புடிச் செய்வாக?”